1700 வெள்ளி சம்பளம், 20ஆம் தேதிக்கே கை காலி: என்னதான் செய்வது?

ராம்ப்காரன் எழுதியது:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசிக்கிறவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 31. மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வாடகை வீடு. மோட்டாரில் அரை மணி நேரம் போனால் ஒரு பாமாயில் ஆலை, அங்கே ராம்ப்பில் வேலை. லோரி வந்து குலைகளைக் கொட்டிவிட்டுப் போகும், நாங்கள் கொக்கி போட்டு இழுத்துக் கூண்டில் தள்ளிவிட வேண்டும். படிப்பு எதுவும் தேவையில்லாத வேலை, ராத்திரி படுத்தால் தோள்பட்டை மட்டும் பேசும்.

அடிப்படைச் சம்பளம் 1700 வெள்ளி, அதாவது ரிங்கிட். சேமநிதி இபிஎஃப்புக்கு 187 போய், சொக்சோ, எஸ்ஐபி காப்புறுதிகளுக்கும் போய், கையில் 1500 சொச்சம். போன மாதம் 23 மணி நேரம் ஓட்டி, அதாவது கூடுதல் நேர வேலை, செய்தேன், அதற்கு 249 வெள்ளி. ஏறக்குறைய மாதா மாதம் அப்படித்தான் வரும்.

செலவு: வாடகை 350, மோட்டார் தவணை 228, கரண்டும் தண்ணீரும் 95, மளிகை, பால்மாவு, மார்க்கெட் எல்லாம் சேர்த்து 550, மூத்தவள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு, அவள் வேனுக்கு 60, பெட்ரோல் 80, இரண்டு கைப்பேசிக்கும் டாப்அப் 65, அம்மாவுக்கு 100.

மனைவி வீட்டில்தான் இருக்கிறாள், சின்னவனுக்கு மூன்று வயது. மாதம் 20 ஆனால் பர்சில் பெட்ரோலுக்கு மட்டும் காசு இருக்கும், பிறகு முனைக் கடையில் 555 கடன் புத்தகத்தில் எழுதி வாங்குகிறோம். சம்பளம் வந்ததும் முதலில் அந்தப் புத்தகத்தை அடைக்கிறேன், அதனால் அடுத்த மாதமும் 20ஆம் தேதிக்கே தடுமாற்றம். சிக்கனமாக இரு என்று யாரும் சொல்லிவிடாதீர்கள், இதற்கு மேல் எதைக் குறைப்பது என்று தெரியவில்லை. பக்க வருமானத்துக்கு வழி இருந்தால் சொல்லுங்கள். ஒரு கூட்டாளி என் பேங்க் கார்டை ஒரு மாதம் கொடுத்தால் 500 வெள்ளி தருகிறேன் என்கிறான், ஏதோ ஆன்லைன் பிசினஸாம். அதைப் பற்றியும் யாருக்காவது தெரிந்தால் சொல்லவும்.


ஜேபி பையன் எழுதியது:

அண்ணே, சிங்கப்பூர் வாங்க. இங்கே ஜொகூர் பாருவில் எல்லாரும் தினமும் எல்லை தாண்டி அதைத்தான் செய்கிறோம். அங்கே கிடைக்கும் ஒரு வெள்ளி இங்கே மூன்று வெள்ளிக்கு மேல்.


கிராணி மகள் எழுதியது:

தம்பி ஜேபி, அவருக்கு மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது, அறை வாடகையும் விடியற்காலை நாலு மணிக்குப் பாலத்தில் நிற்பதும் எல்லாருக்கும் ஒத்துவராது. அந்தப் பேச்சு இப்போதைக்கு இருக்கட்டும்.

ராம்ப்காரன், முதலில் அந்த 500 வெள்ளி விஷயம். தொடவே தொடாதீர்கள். மலாயில் அதற்குப் பெயரே கழுதை அக்கவுண்ட். யாரையோ ஏமாற்றிப் பிடுங்கிய காசு உங்கள் பெயரில் உள்ள கணக்கு வழியாகப் போகும், போலீஸ் தேடி வரும்போது உங்கள் கூட்டாளி இருக்க மாட்டான், நீங்கள்தான் இருப்பீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே பேங்குக்குப் போய்க் கார்டை முடக்கச் சொல்லுங்கள், மோசடிப் புகார் எண் 997க்கும் அடித்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, என் அப்பா தோட்டத்து ஆபீஸில் கிராணியாக இருந்தவர், பட்டியல் என்று எதைப் பார்த்தாலும் கூட்டிப் பார்க்கும் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. நீங்கள் எழுதிய செலவைக் கூட்டினால் 1528 வருகிறது. வரவு 1749. 221 வெள்ளி எங்கே? கணக்குப்படி மிச்சம் இருக்க வேண்டும், நீங்களோ 20ஆம் தேதியே காலி என்கிறீர்கள். எழுதாமல் விட்ட ஏதோ ஒன்று இருக்கிறது. இங்கே யாருக்கும் உங்களைத் தெரியாது, சொல்லுங்கள்.

இன்னொன்று, அரசாங்க உதவித்தொகையான எஸ்டிஆர் பதிவில் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்களா? சின்னவன் பிறந்த பிறகு புதுப்பிக்காமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாரா என்ற உதவிக் காசு மைகாட் அடையாள அட்டையிலேயே ஏறும், பதிவு செய்த கடைகளில் அரிசி, முட்டை, பிஸ்கட் போன்ற சாமான் வாங்கலாம். பெட்ரோலும் மைகாட்டைக் காட்டி 1.99க்குத்தானே போடுகிறீர்கள்? முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பள்ளி தொடங்கும்போது 150 வெள்ளி எல்லாருக்கும் உண்டு, அது கைக்கு வந்ததா?


ராம்ப்காரன் எழுதியது:

கார்டு கொடுக்கவில்லை அக்கா, கொடுக்கவும் மாட்டேன். பள்ளி 150 வந்தது, காலணிக்கும் பைக்கும் சரியாகப் போனது. எஸ்டிஆரில் மூத்தவள் மட்டும்தான் இருக்கிறாள், நீங்கள் சொன்ன பிறகுதான் போய்ப் பார்த்தேன்.

221 விஷயம். கைப்பேசித் தவணை 75, இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மற்றது ஆலோங், லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுகிறவன். தீபாவளிக்கு முந்தின வாரம் மோட்டார் எஞ்சின் போய்விட்டது, மோட்டார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது, 1000 வாங்கினேன். கையில் கொடுத்தது 850. மாதம் 150 வட்டி மட்டும், முதல் அப்படியே நிற்கிறது. எட்டு மாதமாகக் கட்டுகிறேன். மனைவிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாமல் கட்டுவதால்தான் பட்டியலில் எழுதக்கூடக் கை வரவில்லை.


கிராணி மகள் எழுதியது:

சொன்னதற்கு நன்றி. இப்போது கணக்கு நேராகிவிட்டது. நாலு வெள்ளி கூடுதலாக வருகிறது, அது முனைக் கடைக்காரர் புண்ணியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

850 வாங்கி இதுவரை 1200 கட்டியிருக்கிறீர்கள், இன்னும் 1000 பாக்கி. லைசென்ஸ் உள்ள வட்டிக்கடைக்கு, அடமானம் இல்லாத கடனுக்குச் சட்டம் அனுமதிப்பது வருஷத்துக்கு 18 விழுக்காடு. அதாவது ஆயிரத்துக்கு மாதம் 15 வெள்ளி. நீங்கள் கொடுப்பது 150. சரியாகப் பத்து மடங்கு. எந்தப் பக்க வருமானம் வந்தாலும் முதலில் இந்த ஓட்டை குடித்துவிடும், அதனால் நாசி லெமாக் சோறு விற்கலாமா, கிராப் ஓட்டலாமா என்ற பேச்சே அப்புறம்தான்.

வீட்டில் நகை இருக்கிறதா? தாலியைச் சொல்லவில்லை, ஒரு வளையல், ஒரு சங்கிலி. அடகுக் கடையில் மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. ஆயிரத்துக்கு 20 வெள்ளி. அர்-ராஹ்னு என்ற இஸ்லாமிய அடகுக் கடையில் இன்னும் குறையலாம், அங்கே முஸ்லிம் அல்லாதவர்களும் வைக்கலாம். தங்கம் விற்கிற விலைக்குச் சின்ன வளையலே போதும், கடைக்காரன் அதிகம் தருகிறேன் என்பான், வாங்காதீர்கள், 1000 மட்டும். அடகுச் சீட்டுக் கெடு ஆறு மாதம். ஆலோங்குக்குக் கட்டிய 150ஐ அப்படியே எடுத்து வைத்தால் ஆறு மாதத்தில் 900. கைப்பேசித் தவணை மூன்று மாதத்தில் முடிகிறது, பிறகு மூன்று மாதத்துக்கு 75 வீதம் 225. ஆக 1125. முதலும் வட்டியும் சேர்த்து 1120. வளையல் திரும்பி வந்து ஐந்து வெள்ளி மிச்சம்! இடையில் உடம்பு சரியில்லாமல் போனால் வட்டியைக் கட்டிச் சீட்டைப் புதுப்பித்துக்கொள்ளலாம், மூழ்க மட்டும் விடாதீர்கள்.

இபிஎஃப்பில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்கு இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். 2024 மே மாதத்திலிருந்து சந்தாவில் பத்தில் ஒரு பங்கு அதில் விழுகிறது, உங்கள் சம்பளத்துக்கு மாதம் 40 வெள்ளி அளவு. எடுக்காமல் இருந்தால் பார்க்கலாம். ஏகேபிகே இலவசமாகக் கடன் ஆலோசனை சொல்கிற இடம்தான், ஆனால் அது வங்கிக் கடன் போன்றவற்றுக்கு, ஆலோங்கிடம் செல்லாது.

கட்டி முடிக்கும்போது தனியாகப் போகாதீர்கள். ரொக்கம் வேண்டாம், பேங்க் வழியாக அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், ஐசி (அடையாள அட்டை) நகலையும் கையெழுத்துப் போட்ட தாளையும் திருப்பி வாங்குங்கள். மிரட்டினால் போலீஸ் ரிப்போர்ட்.

இதெல்லாம் மனைவிக்குத் தெரியாமல் முடியாது. வளையல் அவருடையது.


பழைய லயம் எழுதியது:

அடகு எதற்கு? பத்துப் பேர் சேர்ந்து கூட்டு, அதாவது சீட்டு, போடுங்கள், மாதம் நூறு, முதல் கை நீ எடுத்துக்கொள், வேலை முடிந்தது. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் அப்படித்தான் கல்யாணமே நடந்தது. நம் ஊர்க்காரர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எப்படித் தொடங்கினார்? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலம், வெள்ளைக்காரன் போகிறான், நம் ஆட்கள் தெருவுக்கு வருகிறார்கள். ஆளுக்கு மாதம் பத்து வெள்ளி என்று தோட்டம் தோட்டமாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார்கள். என் அம்மாவும் கட்டினாள். அந்தக் காலத்துக் கூலியில் பத்து வெள்ளி விளையாட்டில்லை.


கிராணி மகள் எழுதியது:

ஐயா, அது பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கம், பங்குப் பத்திரம் இருந்தது, கணக்கு இருந்தது. கூட்டு வேறு. 1971இலிருந்தே சட்டப்படி தடை, நடத்துகிறவர் ஓடினால் கேட்பதற்கு ஆளில்லை. எங்கள் வரிசையில் ஓர் அக்கா ஒன்பதாவது கைக்குக் காத்திருந்து ஏமாந்தார். மாதம் நூறு கட்ட இந்தத் தம்பிக்கு இப்போது வழியும் இல்லை. ஆனால் உங்கள் அம்மா கட்டிய விதத்தில் ஒரு விஷயம் இருக்கிறது, செலவழித்து மிஞ்சியதைச் சேர்க்கவில்லை, முதலில் அதை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றது. வளையலுக்கான 150ஐ அந்த மாதிரி சம்பள நாளன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிட வேண்டும்.


மைலோ டின் எழுதியது:

நாசி லெமாக் என்று யாரோ எழுதியதைப் பார்த்துவிட்டு வந்தேன். ஏழு வருஷமாக அதுதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் உள்கணக்கைச் சொல்கிறேன், யாரும் சொல்ல மாட்டார்கள்.

முப்பது சின்னப் பொட்டலத்துக்கு இரண்டு கிலோ அரிசி, ஐந்து வெள்ளி சொச்சம். தேங்காய்ப்பால் ஏழு. நெத்திலி ஒன்பது, அதிலே கஞ்சத்தனம் செய்தால் மறுநாள் ஆள் வராது. மிளகாய், வெங்காயம், எண்ணெய் ஆறு. கச்சான் (நிலக்கடலை) மூன்று, வெள்ளரிக்காய் இரண்டு, எட்டு முட்டை மூன்றரை (முட்டையை நாலாக வெட்டுவேன், நூல் வைத்து அறுத்தால் மஞ்சள் கரு சிதறாது). இலை, தாள் இரண்டு, கேஸ் இரண்டு. நாற்பது வெள்ளி ஆகிவிட்டது. இரண்டு வெள்ளிக்கு விற்றால் அறுபது. லாபம் இருபது. எல்லாம் விற்றால்தான் இருபது! ஆறு பொட்டலம் மிஞ்சினால் பன்னிரண்டு வெள்ளி போய், விடியற்காலை மூன்றரைக்கு எழுந்ததற்குக் கூலி எட்டு வெள்ளி. முதல் ஆறு மாதம் எனக்கு இதுதான் நடந்தது, மிஞ்சியதைத் தின்று தின்று பிள்ளைகளுக்கு நாசி லெமாக் என்றாலே வெறுத்துவிட்டது.

பிறகு மேசை போட்டு உட்காருவதையே விட்டேன். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்குள் வாட்ஸ்அப்பில் சொன்னவர்களுக்கு மட்டும். பதினெட்டுப் பேர் சொன்னால் பதினெட்டு, ஒன்றுகூட அதிகம் இல்லை. உங்கள் ஆலையில் காலை ஷிப்ட் எத்தனை பேர்? நீங்களே மோட்டாரில் கொண்டு போகலாம், தனி பெட்ரோல் செலவும் கிடையாது. மாதக் கடைசியில் கடன் சொல்வார்கள், அங்கேதான் மனம் கல்லாக வேண்டும்.

விற்ற காசு மைலோ டின்னில், அதிலிருந்து முதலில் நாளைய சாமானுக்கு எடுத்து வைக்க வேண்டும். அந்த டின்னில் கையை விட்டுப் பால்மாவு வாங்கினால் வியாபாரம் மூன்றே வாரம்.

டைஃபாய்டு ஊசி, உணவு கையாள்வோர் வகுப்பு இரண்டையும் மனைவியை முடித்துவிடச் சொல்லுங்கள், கேட்கும்போது காட்ட வேண்டும். எஸ்எஸ்எம் வியாபாரப் பதிவு சொந்தப் பெயரில் வருஷத்துக்கு 30 வெள்ளிதான், கடைப்பெயர் வைத்தால் 60. சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கும் தெக்குனில் நம் இந்தியர்களுக்கு ஸ்பூமி என்ற கடன் இருக்கிறது, அமானா இக்தியாரும் பெண்களுக்குக் கொடுக்கிறது, பதிவு இருந்தால் பின்னால் கேட்கலாம். பின்னால் என்றுதான் சொல்கிறேன். நான் முதல் வருஷமே கடன் எடுத்து எவர்சில்வர் தள்ளுவண்டி செய்தேன், அது இன்றைக்கும் மாமரத்தடியில் நிற்கிறது, சேவல் அதன் மேலேறித்தான் கூவும்.


போய்லர் அண்ணன் எழுதியது:

தம்பி, உன் ஓட்டி கணக்கு இடிக்கிறது. 1700ஐ 26ஆல் வகுத்தால் நாளுக்கு 65.38. அதை எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் 8.17. ஒன்றரை மடங்கு 12.26. 23 மணி நேரத்துக்கு 282 வெள்ளி வர வேண்டும். உனக்கு வந்தது 249. பழைய 1500ஐ வைத்துக் கணக்குப் போட்டால்தான் 249 வரும், நான் போட்டுப் பார்த்துவிட்டேன். 2025 பிப்ரவரியில் சம்பளத்தை ஏற்றியவர்கள் ஓட்டி ஷீட்டை மாற்ற மறந்திருப்பார்கள். மாதம் 33 வெள்ளி உன் காசு. சண்டைக்குப் போகாதே, பே சிலிப்பைக் கொண்டு போய் ஆபீஸில் கிளார்க்கிடம் மெதுவாகக் காட்டு. கேட்கவில்லை என்றால் லேபர் ஆபீஸ் இருக்கிறது.

இன்னொன்று. எத்தனை நாள் ராம்ப்பில் கொக்கி பிடிப்பாய்? நானும் ராம்ப்பில்தான் ஆரம்பித்தேன், 22 வருஷத்துக்கு முன்னே. ஒரு நாள் போய்லரில் சாம்பல் வாருகிறவன் வரவில்லை, என்னைப் போகச் சொன்னார்கள். செம்பனை நாரும் ஓடும் எரிகிற சூடு, முகத்தில் முடி பொசுங்கும், யாரும் விரும்பிப் போகாத இடம். நான் போனேன், திரும்பி வரவில்லை. சட்டப்படி சர்டிபிகேட் உள்ள ஆள் ஷிப்டில் இல்லாமல் போய்லரை எரிக்க முடியாது. போய்லர் இல்லையென்றால் நீராவி இல்லை, ஆலையே நின்றுவிடும். அதனால் எந்த மேனேஜர் வந்தாலும் அந்தத் தாள் உள்ளவனைத் தேடித்தான் ஆக வேண்டும்.

முதலில் சர்டிபிகேட் உள்ளவருக்குக் கீழே வேலை பழக வேண்டும், அதைப் பதிவாக வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு வேலையிடப் பாதுகாப்பு இலாகாவான ஜேகேகேபியின் பரீட்சை, இரண்டாம் தரம், அப்புறம் முதல் தரம். என்னை அதிகாரிகள் நேரிலும் உட்கார வைத்துக் கேட்டார்கள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் தெரியவில்லை என்றால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார், மலாய் தடுமாறியது, கையால் செய்து காட்டினேன். ஆறாம் வகுப்பு வரை படித்தவன் நான். இன்றைக்கு என் அடிப்படைச் சம்பளம் உன்னுடையதைப்போல் இரண்டு மடங்கு.

ஒரே நாளில் ஆகாது, ஒன்றிரண்டு வருஷம் பிடிக்கும், அதுவரை வளையலையும் நாசி லெமாக்கையும் பார்த்துக்கொள். உன் ஆலைப் போய்லர்மேன் யார், தமிழரா மலாய்க்காரரா? யாராக இருந்தாலும் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துப் பேசு.


ராம்ப்காரன் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மனைவியிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வளையலைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, அடகு ரசீது என் கையில் இருக்க வேண்டும் என்றாள். 1000க்கு அடகு வைத்தோம், கடைக்காரர் 2500 வரை தருகிறேன் என்றார், அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆலோங்கிடம் மாமாவும் வந்தார். அவன் இன்னொரு மாத வட்டி கேட்டான், மாமா பேங்க் ரசீதைக் காட்டிப் பேசினார், கடைசியில் ஐசி நகலைக் கொடுத்துவிட்டான்.

ஓட்டி விஷயம் போய்லர் அண்ணன் சொன்னதேதான். கிளார்க் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, அடுத்த சம்பளத்தில் சேர்த்துத் தருகிறோம் என்றார். எனக்கு மட்டும் இல்லை, ராம்ப்பில் ஒன்பது பேருக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. இப்போது எல்லாரும் என்னை வக்கீல் என்று கூப்பிடுகிறார்கள்.

போய்லர்மேன் மலாய்க்காரர், பாக்சிக் ஒருவர், அடுத்த வருஷம் ஓய்வு. சனிக்கிழமை ஓட்டியைப் போய்லரில் செய்யலாம் என்று மேனேஜரிடம் அவரே கேட்டு வைத்திருக்கிறார். அண்ணே, இந்தச் சனிக்கிழமை வேலையும் அனுபவத்தில் சேருமா, அதற்குப் புத்தகத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

நாசி லெமாக் போன திங்கள் தொடங்கினோம், பதினான்கு பொட்டலம், பதினான்கும் போனது. நேற்று பத்தொன்பது. ஒரே ஒரு குறை, சம்பால் ரொம்ப இனிப்பு என்கிறார்கள்.


போய்லர் அண்ணன் எழுதியது:

தேதி, மணி, எந்தப் போய்லர் எல்லாவற்றையும் நீயே அன்றன்றைக்கு எழுதி வை, பாக்சிக்கிடம் அப்போதே கையெழுத்து வாங்கு, மாதக் கடைசியில் மொத்தமாகக் கேட்டால் அவருக்கு ஞாபகம் இருக்காது. சேருமா சேராதா என்பதை ஈப்போ ஜேகேகேபி ஆபீஸில் நேரில் கேட்டுக்கொள், அவர்கள் சொல்வதுதான் கணக்கு. ஓய்வு பெறுவதற்குள் அவரிடம் எல்லாவற்றையும் கற்றுக்கொள்.


மைலோ டின் எழுதியது:

சீனியைப் பாதியாக்கி, வெங்காயத்தை இன்னும் பத்து நிமிஷம் அதிகமாக வதக்கச் சொல்லுங்கள். புளியைக் கடைசியில் ஊற்ற வேண்டும்.